தொடச்சுக் குடுத்த ஹார்ட் டிஸ்க்

வாங்கண்ணா, உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டுங்க, கழட்ட வேண்டாம். முன்னெல்லாம் இந்த சீசன்ல வாசல்ல செருப்பு வெக்க எடம் இருக்காது. இப்ப பாருங்க, நீங்க ஒருத்தர் வந்ததுக்கே கடை நெறஞ்ச மாதிரி இருக்குது. ஃபேனைப் போடறேன், உக்காருங்க. எந்த ஊர்ல இருந்து வர்றீங்க? வெள்ளக்கோவிலா. பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருசம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வேணும். அதானுங்களே? மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமுங்க. பையன் வீட்ல குப்புறப் படுத்துத் தூங்கிட்டு இருப்பான், அப்பன் பஸ் ஏறி வந்திருப்பீங்க.

இல்லீங்கண்ணா. இப்ப ப்ராஜெக்ட் குடுக்கறதில்ல. நிறுத்தியாச்சு. போலீஸ்காரன் வந்து நிறுத்தல. யுனிவர்சிட்டிக்காரன் வந்து நிறுத்தல, அவிங்களுக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம். நிறுத்துனது என்ற மக. பெத்து வளத்து, கேட்ட காலேஜ்ல சேத்தி, நாலு வருசம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வெச்சேன் பாருங்க, அந்தப் புள்ள. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சா புள்ளைங்க இப்படிக் கெட்டுப் போகுமுன்னு எவனாச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா பேசாம பி.காம்ல சேத்தியிருப்பேன்.

உங்க பஸ்ஸுக்கு நேரம் இருக்குதில்ல? இருங்க, சொல்றேன். யார்கிட்டயாச்சும் சொன்னாத்தான் எனக்கும் மனசு ஆறும். வீட்ல சொல்ல முடியாது. வீட்டம்மா அந்தக் கட்சி.

மொதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிப்போடறேன். நாங்க ப்ராஜெக்ட் விக்கறவங்க இல்லீங்க. வெளிய போர்டு பார்த்திருப்பீங்க, 'மாணவர் ஆய்வு வழிகாட்டு மையம்'னு இருக்கும். வழிகாட்டறோம். பையன் வருவான், ஒரு தலைப்பை எடுப்பான். நாங்க புரோகிராமை பென் டிரைவ்ல போட்டுக் குடுப்போம். ரிப்போர்ட்டை பைண்ட் பண்ணி, மேல தங்க எழுத்துல காலேஜ் பேர் போட்டுக் குடுப்போம். வைவாவுல, அதானுங்க வாய்மொழிப் பரீட்சையில, என்ன கேப்பாங்க, அதுக்கு என்ன சொல்லோணும்னு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுப்போம். 'இது முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு'ன்னு மொதல் பக்கத்துல ஒரு உறுதிமொழி இருக்கும். அதுல எங்க கையெழுத்துப் போடோணும்னு பென்சில்ல டிக் அடிச்சும் காட்டுவோம். இதுக்கு மேல ஒரு பையனுக்கு என்னங்க வழிகாட்ட முடியும்?

நீங்க நெனைக்கலாம், காலேஜ்ல சொல்லிக் குடுக்க மாட்டாங்களான்னு. குடுக்கறாங்க, யாரு இல்லைன்னா. ரெக்கார்டு நோட்டுல புரோகிராமைக் கையால எழுத வெக்கறாங்க. அதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுனா ஸ்கிரீன்ல என்ன வரும்னு எதிர்ப்பக்கத்துல பென்சில்ல வரையோணும், ஸ்கேல் வெச்சு, கட்டம் போட்டு. கையெழுத்து நல்லா இருந்தா மார்க்கு. இப்படி மூணு வருசம் சித்திரம் போட்டவனைப் புடிச்சு, கடைசி வருசம் திடீர்னு 'நீயே ஒரு சாஃப்ட்வேர் பண்ணிட்டு வா'ன்னா அவன் எங்கீங்க போவான்? என்றகிட்டத்தான் வருவான். வாத்தியாருங்களே அட்ரஸ் எழுதிக் குடுத்து அனுப்புவாங்க. அவிங்களும் ஒரு காலத்துல இதே படி ஏறி வந்தவங்கதானுங்களே.

தொழில் நுணுக்கம் இருக்குதுங்கண்ணா இதுல. லேசா நெனச்சுக்காதீங்க. லைப்ரரி ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்குதுங்களா. புத்தகம் வெளிய போகும், திரும்பி வரும், லேட்டானா அபராதம். அதுல 'புத்தகம்'னு இருக்கற எடத்துல எல்லாம் 'நோயாளி'ன்னு மாத்துனா ஆஸ்பத்திரி. 'ரூம்'னு மாத்துனா லாட்ஜ். 'பஸ்'ஸுன்னு மாத்துனா டிப்போ. கம்ப்யூட்டரே ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திக் குடுத்திரும். என்ன, எப்பவாச்சும் அசந்துருவோம். ஒரு வருசம் ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட்ல, நோயாளியைக் குறிச்ச தேதிக்குள்ள திருப்பித் தரலைன்னா அபராதம், நோயாளி கிழிஞ்சிருந்தா முழு விலையும் கட்டோணும்னு ஸ்கிரீன்ல வந்திருச்சு. வெளிய இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டிருக்காரு, இதென்னப்பான்னு. நம்ம பையன் கெட்டிக்காரன். இது தனியார் ஆஸ்பத்திரிங்க சார்னு சொல்லியிருக்கான். அவரும் சரிதான்னு மார்க்கைப் போட்டுட்டுப் போயிட்டாரு.

ஆனா ஒண்ணுங்கண்ணா, தொழில்ல நேர்மை வேணும். எதிர் மாடில கண்ணாடிக் கதவு வெச்சு ஒருத்தன் கடை போட்டிருக்கான், ஏறி வர்றப்ப பார்த்திருப்பீங்க. என்ற ப்ராஜெக்டை எவனோ ஒரு பையன்கிட்ட இருந்து வாங்கி, அப்படியே காப்பி அடிச்சு, அவன் பேரைப் போட்டு விக்கறான். புத்தகத்தை நோயாளி ஆக்குனது நானு, பேர் வாங்கறது அவன். அடுத்தவன் உழைப்பைத் திருடறதுக்கு இவனுங்களுக்கெல்லாம் எப்படித்தான் மனசு வருதோ தெரியல.

சரி, என்ற புள்ள கதைக்கு வர்றேன்.

பேரு கனிஷ்கா. ஒத்தைப் புள்ள. நாளைக்குக் கடையைப் பாத்துக்கப் போறது அதுதான், அதனால அதே படிப்பா இருக்கட்டும்னு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்தி விட்டேன். காலேஜும் நம்ம காலேஜ்தான், அதாவது வருசா வருசம் நம்மகிட்ட ப்ராஜெக்ட் எடுக்கற காலேஜு. ஹெச்ஓடி, டிபார்ட்மென்டுக்குத் தலைவரு, நமக்குப் பழக்கம்.

மொதல் வருசத்துலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். மத்த புள்ளைங்க எல்லாம் புரோகிராமை மனப்பாடம் பண்ணி, அரைப்புள்ளி கால்புள்ளி விடாம ஒப்பிக்கும். இது வெள்ளைப் பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டு, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பேந்தப் பேந்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். என்ன சாமி பண்றேன்னு கேட்டா, இது ஏன் இப்படி வருதுன்னு பாக்கறேங்கும். வருதில்ல, அப்புறம் ஏன் வருதுன்னு நமக்கு எதுக்குன்னா காதுலயே வாங்காது. ரெண்டாவது வருசம் என்றகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுச்சு. ஏதோ ஒரு ஃபங்ஷன் தன்னையே தான் கூப்பிட்டுக்குமாமா, அது எங்க போய் நிக்கும்னு. பரீட்சைக்கு வருமா சாமின்னு கேட்டேன். வராதுன்னுச்சு. அப்ப எதுக்கு வெசனப்படறேன்னேன். அதுக்கப்புறம் என்றகிட்ட ஒரு சந்தேகமும் கேக்கல. எல்லாம் நல்லாப் புரிஞ்சுபோச்சாட்டம் இருக்குதுன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்.

லேப் பரீட்சையில பாருங்க, ரெக்கார்டு நோட்டுல இருக்கறதை எழுதாம தானா யோசிச்சு வேற மாதிரி எழுதி வெச்சுட்டு வந்திருச்சு. ஓடுச்சாமா. சீக்கிரமாவே ஓடுச்சாமா. ஓடுனா ஆச்சா? ரெக்கார்டுல அப்படி இல்லையேன்னு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. நியாயந்தானுங்களே. ஒவ்வொருத்தரும் யோசிச்சு யோசிச்சு எழுதுனா அந்த லேப் டீச்சரம்மா எத்தனையைத்தான் படிச்சுத் திருத்துவாங்க?

கடைசி வருசம் வந்துச்சு. எல்லாருக்கும் குடுக்காம நல்லதா ஒரு ப்ராஜெக்ட் எடுத்து வெச்சிருந்தேன் என்ற புள்ளைக்குன்னு. கம்ப்யூட்டரே மூஞ்சியப் பாத்து ஆளைக் கண்டுபுடிக்கறது. இதுவரைக்கும் எவனுக்கும் குடுக்காதது, பெங்களூர்ல இருந்து வாங்குனது. டேபிள் மேல வெச்சேன். 'வேண்டாங்கப்பா, நானே பண்ணிக்கறேன்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சுருச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் டிகிரி வாங்கிக் குடுத்தவன் நானு, என்ற புள்ளைக்கு என்ற ப்ராஜெக்ட் வேண்டாமாமா. ஹெச்ஓடி கூட ஒருக்கா கேட்டாரு, என்னங்க, உங்க கடைப் பொருளை உங்க பொண்ணே வாங்க மாட்டேங்குதாட்ட இருக்குதேன்னு. சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன், ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாமுங்கண்ணா. என்ற புள்ள என்ற தொழிலை ஒரு தொழிலா மதிக்கோணும், அவ்வளவுதான். ஸ்கூல்ல படிக்கறப்ப இருந்தே அப்பா என்ன பண்றாங்கன்னு எழுதற எடத்துல 'பிசினஸ்'னுதான் எழுதும். என்ன பிசினஸ்னு எழுதாது. கடைக்கு வந்தாலும் இந்தா, இந்த வாசல்லயே நின்னு சாவியை வாங்கிட்டுப் போயிரும். உள்ள வந்து நீங்க உக்காந்திருக்கற அந்தச் சேர்ல ஒரு நாள் உக்காந்ததில்ல.

அப்படியாப்பட்ட புள்ள, பொங்கல் முடிஞ்சதும் ஒரு நாள் கடைக்குள்ளயே வந்துச்சு. வந்து, 'அப்பா, நீங்க இத்தனை வருசமாக் குடுத்த ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கற ஹார்ட் டிஸ்க் வேணும். என்ற ப்ராஜெக்டுக்கு'ன்னுச்சு.

எனக்குக் கண்ணுல தண்ணி வராத கொறைதான். எங்க சுத்துனாலும் கடைசில அப்பன்கிட்டத்தான வரோணும்? என்ன கண்ணு தலைப்புன்னு கேட்டேன். ஒண்ணும் மறைக்கல, இப்ப நெனச்சாலும் அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது. ரெண்டு புரோகிராமைக் குடுத்தா ரெண்டும் எவ்வளவு ஒண்ணா இருக்குதுன்னு பாத்துச் சொல்ற புரோகிராம்னு வெளிப்படையாத்தான் சொல்லுச்சு. அருமையான தலைப்புன்னேன். நம்மகிட்ட இந்தத் தலைப்பு இல்ல, நீ முடிச்சதும் ஒரு காப்பி அப்பனுக்குக் குடு, அடுத்த சீசன்ல எல்லாக் காலேஜுக்கும் ஓட்டிரலாம்னேன். புள்ள நேரா என்ற மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சு.

'இந்த டிஸ்க்கை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்னு உங்களுக்குப் புரிஞ்சுதாப்பா?'

'புரியாம என்ன சாமி'ன்னேன்.

அதுக்கப்புறம் நான் பண்ணுனதைக் கேளுங்க. சும்மா எடுத்துக் குடுக்கலைங்கண்ணா. தூசி தட்டி, துணியில தொடச்சு, உள்ள இருக்கறதை எல்லாம் ஒழுங்கு பண்ணினேன். எந்த வருசம், எந்தக் காலேஜ், எந்தப் பையன், எல்லாம் தனித்தனியாப் பேர் போட்டுப் பிரிச்சு வெச்சேன். என்ற புள்ள தடுமாறக் கூடாது பாருங்க. அப்புறம் பக்கத்துல உக்காந்து, இந்த லாட்ஜ் எந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்துச்சு, இந்த ஆஸ்பத்திரி எந்த லைப்ரரியில இருந்து வந்துச்சுன்னு வம்சாவளி மாதிரி ஒண்ணொண்ணாச் சொன்னேன். புள்ள கேக்கக் கேக்க எனக்குச் சொல்ல வாய் ஓயல. என்ற வாழ்நாள்ல என்ற தொழிலைப் பத்தி அது அவ்வளவு ஆசையாக் கேட்டதே இல்லீங்க. அந்தச் சேர்லதான் உக்காந்திருந்துச்சு.

ப்ராஜெக்ட் டேன்னு ஒரு விழா வெப்பாங்க காலேஜ்ல. பெத்தவங்களையும் கூப்புடுவாங்க. புள்ள சொல்லுச்சு, நீங்க வர வேண்டாமேப்பா, வெயிலு, கூட்டம், உங்களுக்குச் சேராதுன்னு. என்னமோ அப்பன் மேல அக்கறைன்னு நெனச்சு, அதெல்லாம் பரவால்லைன்னு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போய் மொத வரிசையில ஹெச்ஓடி பக்கத்துலயே உக்காந்தேன்.

புள்ள மேடை ஏறுச்சு. எக்ஸ்டர்னலு யாரோ புதுசு, மதுரைப் பக்கம் இருந்து வந்தவரு, கேள்வி கேக்கற ஆளு. புள்ள பேசுச்சு பாருங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனா தண்ணி பட்ட பாடா வந்துச்சு. நம்ம கடைப் பசங்க மாதிரி வைவாவுக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போய் நடுவுல திக்கறது கெடையாது. பெரிய ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா வந்துச்சு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ப்ராஜெக்டாமா. ஒண்ணா இருக்கறதெல்லாம் கிட்டக்கிட்ட வந்து ஒட்டிக்குமாமா. பாத்துக்கிட்டே இருக்கறப்ப எல்லாப் புள்ளியும் நடுவுல வந்து ஈ மொய்ச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. எக்ஸ்டர்னலு மூக்குக் கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, இத்தனை ப்ராஜெக்ட் உனக்கு எப்படிம்மா கெடைச்சுது, எந்தக் காலேஜும் இப்படிக் குடுக்காதேன்னாரு.

'எங்கப்பா குடுத்தாங்க சார். வருச வாரியா, காலேஜ் வாரியா அவங்களே பிரிச்சும் குடுத்தாங்க.'

அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு நின்னு, எல்லாப் பக்கமும் கும்பிட்டேனுங்கண்ணா.

சிரிக்காதீங்க. என்ற எடத்துல நீங்க இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க. நாலு வருசத்துல மொத மொறையா என்ற புள்ள நாலு பேர் முன்னாடி அப்பான்னு சொல்லுது. ஹெச்ஓடி என்ற சட்டையப் புடிச்சு இழுத்து, உக்காருய்யா உக்காருய்யாங்கறாரு. அந்தாளுக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துதுன்னு எனக்கு அப்பவும் வெளங்கல.

எக்ஸ்டர்னலு விடல. சரி, இந்த வருசம் உன்ற வகுப்புல எல்லாரும் குடுத்திருக்கற ப்ராஜெக்டையும் இதுல போட்டுக் காட்டுன்னுட்டாரு. புள்ள தயங்குச்சு. அது என்ற ப்ராஜெக்ட்ல வராதுங்க சார், அவங்களைக் கேக்காமப் போட மாட்டேன்னு சொல்லிப் பாத்துச்சு. அவரே லேப் ஆளைக் கூப்புட்டு எடுத்துட்டு வரச் சொல்லிப்போட்டாரு. போட்டாங்க. புதுப்புள்ளி எல்லாம் ஒண்ணொண்ணா வந்து அதே கும்பல்ல போய்ச் சேந்துச்சு. ஓரமாத் தனியா நின்னது ஒரே ஒரு புள்ளி. அது என்ற புள்ளையோட ப்ராஜெக்டு. அத்தனை ரிப்போர்ட்லயும் 'என் நேரடிப் பார்வையில் செய்யப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது ஹெச்ஓடி. அவரு ஸ்கிரீனையும் பாக்கல, என்னையும் பாக்கல, கீழ குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

அப்புறம் என்ன. மொத்த வகுப்பும் ஒரு மாசத்துல சொந்தமாப் பண்ணிக் குடுக்கோணும்னு உத்தரவு. விசயம் பக்கத்துக் காலேஜுக்கெல்லாம் பரவி, எல்லாரும் அந்தப் புரோகிராம் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. என்ற ப்ராஜெக்டை எவன் கொண்டு போனாலும் வாசல்லயே மாட்டிக்கறான். எதிர் மாடிக்காரனும் படுத்துட்டான், அது ஒண்ணுதான் ஆறுதல். அவன்கிட்ட இருக்கறதும் என்ற ப்ராஜெக்டுதானுங்களே.

கூடப் படிக்கற புள்ளைங்க எல்லாம் கனிஷ்காவை மண்ணை வாரித் தூத்துமுன்னு பாத்தேன். தூத்துச்சு, நாலஞ்சு நாளைக்கு. அப்புறம் வேற வழி தெரியாம, எங்களுக்குச் சொல்லிக் குடுன்னு வீட்டுக்கே வந்திருச்சுங்க. இப்ப என்ற வீட்டு ஹால்ல, என்ற கரண்ட்ல, என்ற வீட்டம்மா போட்டுக் குடுக்கற டீயையும் போண்டாவையும் தின்னுபோட்டு, அந்தப் புள்ளைங்க உக்காந்து தானாப் புரோகிராம் எழுதுதுங்க. அதுல பாதிப் பேரு என்ற கஸ்டமரு. முன்ன என்னையப் பாத்தா 'குட்மார்னிங் சார்'னு எந்திரிக்கும். இப்ப, 'அங்கிள், கொஞ்சம் காலை எடுங்க, சார்ஜர் வயர்'ங்குது.

நான் புள்ளைகூடப் பேசறதை நிறுத்திட்டேன். அது வந்து அப்பா, அப்பான்னு ரெண்டு மூணு தடவை நின்னு பாத்துச்சு. நான் பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்குவேன். வீட்டம்மாதான், பெத்த புள்ளைகிட்ட எத்தனை நாளைக்கு வீராப்பு, என்னன்னு மூஞ்சியப் பாத்துக் கேட்டுப்போடுங்கன்னா. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஹால்ல யாரும் இல்லாதப்ப, கேட்டே போட்டேன். 'அப்பனை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு இப்படிப் பண்ணிட்டயே சாமி, உனக்கு என்னதான் வேணும்?'னு. சத்தமாத்தான் கேக்கோணும்னு நெனச்சேன். குரலு எறங்கிப் போச்சு.

புள்ள அழும், இல்லைன்னா சண்டைக்கு வரும்னு பாத்தேன். ரெண்டும் இல்ல. லேப்டாப்பை எடுத்துட்டு வந்து என்ற மடியில வெச்சுச்சு. அதே புள்ளிக் கும்பலு. இதுல நட்டநடுவுல இருக்கற புள்ளி எதுன்னு தெரியுதாப்பான்னு கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும். தொட்டுக் காட்டுச்சு. நான் காலேஜ் படிக்கறப்ப, கடைசி வருசத்துல, எனக்கு நானே எழுதுன லைப்ரரி ப்ராஜெக்டுங்க அது. எழுதுனது எனக்கே மறந்துபோச்சு. பழைய ஃபோல்டர்ல எங்கியோ கெடந்திருக்கு, நான்தான் எல்லாத்தையும் வழிச்சுக் குடுத்தேனே.

'மத்த எல்லாம் இதுல இருந்து வந்ததுங்கப்பா. இது ஒண்ணுதான் எதுல இருந்தும் வரல. இது நீங்க எழுதுனது.'

சொல்லிப்போட்டு அதைத் தெறந்து, வரி வரியா எனக்கு வெளக்க ஆரம்பிச்சுருச்சு. இந்த எடத்துல பாருங்கப்பா, அபராதம் போடறதுக்கு முன்னாடி லைப்ரரி லீவு நாளைக் கழிச்சிருக்கீங்க. வாத்தியாரு இதைக் கேட்டிருக்கவே மாட்டாரு, நீங்களாத்தான் யோசிச்சிருக்கீங்கன்னு. அதுக்கு அவ்வளவு சந்தோசம். ஆஸ்பத்திரியிலயும் நோயாளிக்கு ஞாயித்துக்கிழமை லீவைக் கழிச்சிருக்குதுப்பான்னு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். என்ற புரோகிராமை என்ற புள்ள எனக்குச் சொல்லிக் குடுக்குதுங்கண்ணா, எனக்கு அதுல ஒரு வரி புரியல. புரிஞ்ச மாதிரியே தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இதெல்லாம் ஞாபகம் இருக்குதாப்பான்னு கேட்டுச்சு. நல்லா இருக்குதுன்னேன். அந்த வயசுல நான் எப்படி யோசிச்சேன், எதுக்கு அப்புறம் யோசிக்காம விட்டேன், எனக்கே வெளங்கல.

அப்புறம் ஒரு எடத்துல நிறுத்துச்சு. இதுல ஒரு தப்பு இருக்குதுங்கப்பா, எல்லா மாசத்துக்கும் முப்பது நாள்னு வெச்சுட்டீங்கன்னுச்சு. அந்தத் தப்பு அத்தனை ப்ராஜெக்ட்லயும் அப்படியே இருக்குதாமா. அதை வெச்சுத்தான் எல்லாம் ஒரே குடும்பம்னு அது உறுதியாக் கண்டுபுடிச்சுதாமா. இத்தனை வருசம், இத்தனை ஆஸ்பத்திரி, இத்தனை லாட்ஜு, எங்கயும் ஒரு மாசத்துக்கு முப்பத்தோராம் தேதியே வந்ததில்லீங்கண்ணா. ஒரு வாத்தியாரும் ஒரு எக்ஸ்டர்னலும் அதைப் பாத்ததில்ல.

நீயே மாத்திரு சாமி, உனக்குத்தான் தெரியுமேன்னேன்.

'நான் மாத்த மாட்டேங்கப்பா. நீங்க எழுதுனது, நீங்கதான் மாத்தோணும். புரியலைன்னா என்னையக் கேளுங்க.'

கேளுங்கன்னுச்சு. இது பரீட்சைக்கு வருமான்னு அது திருப்பிக் கேக்கல.

அதனால, உங்க பையனுக்குக் குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. வேணும்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, ஹால்ல எடம் இருந்தா உக்காரட்டும், சார்ஜர் அவனே கொண்டு வரோணும். நீங்க உள்ள வர்றப்ப நான் இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், இந்த ஸ்கிரீன்ல. புள்ளைக்குப் பயந்துக்கிட்டெல்லாம் இல்லீங்க. சும்மா, கடையில வேலை இல்ல, பொழுது போகோணுமில்ல. ஜனவரி சரியா வந்திருச்சு. மார்ச்சும் வந்திருச்சு. இந்த பிப்ரவரிதான் உசுரை வாங்குது, நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒரு நாள் கூட வருதுங்களே, அதை இந்தக் கழுதைக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேத்து ஒருக்கா கேட்டேன், சொல்லுச்சு. மறுபடியும் கேட்டா என்ன நெனைக்குமோ.

சரிங்கண்ணா, நீங்க கெளம்புங்க, பஸ் போயிரும். கதவைச் சாத்திட்டுப் போங்க. பொழுதோட புள்ள காலேஜ் முடிஞ்சு நேரா இங்கதான் வரும், வந்து அந்தச் சேர்ல உக்காந்து எங்க வரைக்கும் வந்துச்சுப்பான்னு கேக்கும்.